கடைக்கு நடுவே ஒரு டிரைவர் சீட்

சென்ற மாதம் ஷாஹின் போன் செய்தாள். ஷாஹின் என் முதலாளியின் மகள். இப்போது அவள்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். கடை என்றால் ஜே.சி. ரோட்டில் கார் உதிரிபாகங்களும் அலங்காரச் சாமான்களும் விற்கும் கடை. அதன் கவுண்டரில் நின்று, நின்றபடியே தலை நரைத்து, ஓய்வு பெற்று, இப்போது நான் நீலசந்திராவில் வீட்டோடு கிடக்கிறேன்.

"செல்வா அங்கிள், மாடி ரூம் பூரா ரிட்டர்ன் வந்த சாமான். ஜனங்க போன்ல படத்தைப் பாத்து ஆர்டர் போடறாங்க, கைக்குப் போன உடனே திருப்பி அனுப்பறாங்க. நம்ம கவுண்டர்ல இருக்கிறவங்களுக்கு நீங்க ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

என்ன சாமான் திரும்பி வருகிறது என்று கேட்டேன். ஹெட்லைட், கண்ணாடி, கதவுக் கைப்பிடி என்று சொல்லிக்கொண்டே போனாள். பெரும்பாலும் இடதுக்குப் பதில் வலது, வலதுக்குப் பதில் இடது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அப்பா வைத்திருந்த அந்த சீட் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது மாடியில் ரிட்டர்ன் பெட்டிகளுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறதாம். இடத்தை அடைக்கிறதாம். பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம் என்று இருக்கிறாளாம்.

போட்டுவிடாதே, முதலில் நான் எழுதித் தருவதைப் படி என்று சொன்னேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கடையில் சேர்ந்த கதை நீளமில்லை. என் அப்பா மில் தொழிலாளி. மில் நின்றுபோன வருஷம் எனக்குப் பள்ளிப் படிப்பு முடிந்திருந்தது. தெரிந்தவர் ஒருவர் கூட்டிக்கொண்டு போய் ஷாஹினின் அப்பா ரஹீம் பாய் முன்னால் நிறுத்தினார். கொஞ்ச காலம் குடோனில் பெட்டி அடுக்கினேன், தூசி தின்றேன், பேரிங் நம்பர்களைத் தூக்கத்தில் உளறி வீட்டில் திட்டு வாங்கினேன். அப்புறம் கவுண்டருக்கு வந்தேன். அதற்குப் பிறகு வேறு எந்த வேலைக்கும் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ரஹீம் பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். கிரீஸும் ஆயிலும் புழங்கும் கடையில் தினமும் வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு வருவார். சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது அந்த ஜிப்பா காலையில் இருந்த மாதிரியே இருக்கும். எப்படி என்று எங்களுக்குப் புரிந்ததில்லை. நாங்கள் சட்டையைத் துவைத்துத் துவைத்துச் சலித்தவர்கள். எங்களிடம் உருதுவும் தமிழும் கலந்து பேசுவார், மெக்கானிக்குகளிடம் கன்னடம் பேசுவார், எதையும் தணிந்த குரலில்தான் பேசுவார். கூச்சல் போடும் வாடிக்கையாளர்கூட அவர் சொல்வதைக் கேட்பதற்காகத் தன் குரலைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெட்டியோடு சாமானைக் கொடுக்க மாட்டார். பெட்டியைத் திறந்து, சாமானை எடுத்து, துணியால் துடைத்து, கவுண்டரில் போட்டிருக்கும் ரப்பர் விரிப்பின்மேல் வைப்பார். வண்டியிலிருந்து கழற்றிய பழைய சாமானைப் பக்கத்தில் வைக்கச் சொல்வார். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பழசைக் கொண்டுவராதவர்களை, "பழசு எங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். சாமான் நல்லதா பாய் என்று யாராவது கேட்டால் அவருக்கு ஒரே பதில்தான்: "என் வண்டியா இருந்தா இதைத்தான் போடுவேன்." அவருக்குக் கார் கிடையாது. சிவாஜிநகர் வீட்டிலிருந்து கடைக்கு ஒரு பழைய கியர் ஸ்கூட்டரில் வந்து போவார். இதை வெளியே சொல்லக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு கேலி.

இன்னொரு பழக்கமும் உண்டு. கடையை ஒட்டிய சந்தில் மஞ்சண்ணா என்கிற மெக்கானிக் ஷெட் போட்டிருந்தார். எங்கள் சாமானை வாங்கியவர்கள் பலரும் அவரிடமே மாட்டிக்கொள்வார்கள். பிரேக் சாமான் மாட்டிய வண்டி என்றால், பாய் சந்துக்குப் போய் வண்டிக்கு முன்னால் நிற்பார். மஞ்சண்ணா நடை வேகத்தில் வண்டியை அவரை நோக்கி விட்டு பிரேக் போடுவார். வண்டி நின்றதும் பாய் தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிடுவார். இது பைத்தியக்காரத்தனம் என்று நான் ஒருமுறை வாய்விட்டே சொன்னேன். "வித்தவன் நிக்கலைன்னா வாங்கினவன் எப்படி உக்காருவான்?" என்று கேட்டார்.

இப்போது சீட்டுக்கு வருகிறேன். காருக்கு முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு இடது பக்கம் தெரிகிற விளக்கு, காருக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு வலது விளக்கு. உடைந்த விளக்கை எல்லோரும் வெளியே நின்றுதான் பார்க்கிறார்கள். அப்படியே கடைக்கு வந்து லெஃப்ட் என்கிறார்கள். நாமும் எடுத்துக் கொடுக்கிறோம். திரும்பி வருகிறது. இதற்காகவே பாய், சிவாஜிநகர் பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு காரின் டிரைவர் சீட்டை வாங்கி வந்தார். சிவப்பு ரெக்ஸின் உறை போட்டது. மரப் பலகையில் போல்ட் அடித்து அதைக் கடைக்கு நட்ட நடுவில் போட்டுவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் அதில் இடித்துக்கொண்டார்கள். அவர் நகர்த்தவில்லை.

விளக்கோ கண்ணாடியோ கேட்டு வருகிறவர்களிடம், "உக்காருங்க சார். வண்டில உக்காந்த மாதிரி உக்காந்து, எந்தப் பக்கம்னு கையைத் தூக்குங்க" என்பார். உட்கார்ந்ததும் மனிதர்கள் தன்னால் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொள்வார்கள். ஒரு கணம் யோசிப்பார்கள். கடைக்குள் வரும்போது லெஃப்ட் என்று சொன்ன பலரும் வலது கையைத் தூக்குவார்கள். தூக்கிவிட்டு அவர்களே சிரிப்பார்கள். ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும், நான் என்ன நாடகம் நடிக்கவா வந்தேன் என்று கோபித்துக்கொண்டு கேட்டதை வாங்கிப் போனார். மறுநாள் வந்தார். யாரும் சொல்லாமலே நேராகப் போய் சீட்டில் உட்கார்ந்து கையைத் தூக்கினார். பாய் மாற்றிக் கொடுத்தார். அவர் அதற்கப்புறம் எங்கள் கடையைத் தவிர வேறு கடை ஏறியதில்லை.

கவுண்டர் வேலை முழுக்க இப்படிக் கறாரானது என்று நினைக்க வேண்டாம். சிரிப்பதற்கும் நிறைய இருந்தது. புதுக் கார் வாங்கியவர் சீட்டில் வந்த பாலிதீன் கவரைக் கிழிக்க மனமில்லாமல், அதன் மேலேயே சீட் கவர் போடச் சொல்வார். ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடுகிற ஹாரனை மாட்டிக்கொண்டு போனவர், தெருக்காரர்கள் அடிக்க வந்ததும் கழற்றித் தரச் சொல்லி ஓடி வருவார். டேஷ்போர்டில் ஒட்ட பிள்ளையார், மாதா, புத்தர், மெக்கா படம் எல்லாம் ஒரே கண்ணாடிப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வெயிலில் பசை இளகிப் பிள்ளையார் விழுந்துவிட்டது என்று ஒரு அம்மா அழாத குறையாக வந்தபோது, பாய் தானே காருக்குப் போய், இடத்தைத் துடைத்து, கைக்குட்டையால் பிள்ளையாரைப் பிடித்து அழுத்தி ஒட்டிக் கொடுத்தார். ஆயுத பூஜை வந்தால் எங்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. ஊரிலுள்ள கார் எல்லாம் புது மேட், புது சீட் கவர் கேட்கும்.

ஆனால் எனக்குக் கிடைத்த இந்த வாழ்க்கைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் ஞாபகம் வருவது ஒரே ஒரு வண்டி. அது லில்லி டீச்சருடைய வண்டி.

ஒரு ஏப்ரல் மாதம். வெயில் ரோட்டைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. ஆட்டோவிலிருந்து ஒரு அம்மா இறங்கினார். என்னைவிடச் சில வயது இளையவர். இடது காலில் இடுப்புவரை இரும்புச் சட்டம். சின்ன வயதில் போலியோ. படியேறி உள்ளே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்ணா, கையால போடற கிளட்ச் இருக்கா?" என்று கேட்டார்.

அப்படி ஒரு சாமான் எந்தப் பெட்டியிலும் இல்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பாய் பின்னாலிருந்து, "உக்காருங்கம்மா" என்று சீட்டைக் காட்டினார். கால் முடியாதவர் என்பதால் இருக்கை கொடுக்கிறார் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். நன்றி சொல்லி உட்கார்ந்து, சட்டத்தின் கொக்கியைத் தளர்த்திக் காலை நீட்டிக்கொண்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

அல்சூரில் ஒரு அரசுப் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் ஹொஸ்கோட்டேயைத் தாண்டி ஒரு கிராமத்தில். இரண்டு பஸ் மாற வேண்டும். இறங்கிய பிறகு மண் ரோட்டில் நீண்ட நடை. அந்தக் காலை வைத்துக்கொண்டு தினமும் அது முடியாது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு, இருக்கிற இடத்திலேயே இரு என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் அந்த வாய்ப்பு அவருக்குத் திரும்ப வராது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன தம்பி தன் சின்னக் காரை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அந்தக் காரை அவரால் ஓட்ட முடிந்தால் பதவியில் சேரலாம். முடியாவிட்டால் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். "சம்பளம் குடுக்கறது ஒரு பக்கம் இருக்கட்டும் அண்ணா. தெனமும் இன்னொருத்தர் வர்றாங்களா இல்லையான்னு வாசலைப் பாத்துக்கிட்டே என் வயசு போயிடுச்சு" என்றார். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் அப்போதெல்லாம் பெரிய பணக்காரர்கள் வீட்டுச் சமாச்சாரம். எங்கள் கவுண்டருக்கு அதன் சாமானே அபூர்வமாகத்தான் வரும்.

பாய் மஞ்சண்ணாவைக் கூப்பிட்டு வரச் சொன்னார். மஞ்சண்ணா கையைத் துடைத்துக்கொண்டே வந்து கேட்டார். டீச்சருடைய வலது கால் நன்றாக இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் அதற்குப் போதும். இடது கால் செய்கிற கிளட்ச் வேலை மட்டும்தான் பாக்கி. கியர் இடது கையில் இருக்கிறது. ஆகவே கிளட்சை வலது கைக்குக் கொடுத்துவிடலாம், கதவுப் பக்கம் ஒரு லிவர், அதிலிருந்து பெடலுக்கு ஒரு கேபிள், ஆயித்து, அவ்வளவுதான் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. பாயும் தலையாட்டினார். கடை விளக்குமாற்றின் கட்டையை எடுத்து சீட்டுக்கு வலது பக்கம் லிவர் மாதிரி நிறுத்திப் பிடித்தேன்.

டீச்சர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது கையால் கட்டையை இழுத்தார். இடது கையால் இல்லாத கியரைப் போட்டார். அப்படியே நிறுத்திவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

"ரெண்டு கையும் இங்க இருந்தா, ஸ்டியரிங்கை யாரு புடிப்பாங்க?"

இரண்டு காலும் நன்றாக இருக்கிற மூன்று ஆம்பிளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். வண்டி வண்டி என்று வாழ்நாளைக் கழித்தவர்கள் நாங்கள். எங்கள் இடது கால் தன்பாட்டுக்குச் செய்கிற வேலையைப் பற்றி ஒரு நாளும் நாங்கள் யோசித்ததில்லை. மஞ்சண்ணாதான் முதலில் சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் பாயின் ஸ்கூட்டர் நின்றிருந்தது.

"அந்த ஸ்கூட்டர்ல கியரும் கிளட்சும் ஒரே கையில தானே இருக்கு, பாய்?"

பாய் தினமும் ஓட்டுகிற ஸ்கூட்டர். இடது கையால் கிளட்சை அழுத்தி, அதே பிடியைத் திருகிக் கியர் போடுகிற ஸ்கூட்டர். பாய் கவுண்டரை விட்டு வெளியே போய், ஹேண்டிலைப் பிடித்து, ஒருமுறை அழுத்தித் திருகிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "செல்வா, ஸ்கூட்டர் கிளட்ச் லிவர் ஒண்ணு எடு" என்றார்.

லிவரை எடுத்துக் கொடுப்பது சுலபம். அது காரில் வேலை செய்ய வைத்ததுதான் அந்தக் கோடைகாலம் முழுக்க எங்களை ஆட்டிப்படைத்தது. கியர் கம்பியின் குமிழுக்குக் கீழே ஸ்கூட்டர் லிவரைப் பட்டி போட்டு இறுக்கினார் மஞ்சண்ணா. கியரைப் பிடிக்கிற அதே கை, விரல்களால் லிவரையும் அழுத்தலாம். வலது கை ஸ்டியரிங்கை விடவே வேண்டாம். லிவரிலிருந்து ஒரு கேபிள் கிளட்ச் பெடலுக்குப் போனது. டீச்சர் ஒரு மணி நேரம் சந்திலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். உள்ளங்கையில் கொப்புளம். ஒரு கால் மிதிக்கிற பாரத்தை நாலு விரல்கள் எத்தனை தடவை இழுக்கும்? மஞ்சண்ணா உதட்டைப் பிதுக்கி, "ஆகல்ல பாய், முடியாது, கை நோவுது டீச்சருக்கு" என்றார்.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஓடுகிற இன்ஜின் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிரேக்கை லேசாக்குவதற்கு அந்த உறிஞ்சலைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதையே ஒரு ரப்பர் குழாயில் எடுத்து, உள்ளே ரப்பர் சவ்வு வைத்த ஒரு டப்பாவுக்கு விட்டால், சவ்வு உள்வாங்கிக் கிளட்ச் பெடலை இழுக்கும். கையிலுள்ள லிவர் ஒரு சின்ன வால்வைத் திறந்து மூடினால் போதும். டப்பாவுக்கும் வால்வுக்கும் நான் எங்கள் குடோனையும் பக்கத்துக் கடைகளையும் சலித்தேன். பொருந்தாதவற்றை எடுத்துக்கொண்டு போய், பொருந்தாது என்று மஞ்சண்ணாவிடம் திட்டு வாங்கினேன். கடைசியில் பொருந்தியது. லிவர் சுண்டுவிரலால் அழுத்துகிற மாதிரி லேசாகிவிட்டது. டீச்சர் அன்றைக்கு எல்லோருக்கும் பாதுஷா வாங்கி வந்தார்.

மறுநாள் காலை அல்சூர் ஏரிப் பக்கத்து ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். சமதரையில் ஓடுவது வேறு. ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுப்பது வேறு. வலது கால் பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்கு மாறுகிற அந்தக் கணத்தில் கிளட்ச் வண்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கின் உதவியைக் கேட்கவும் முடியாது, இடது கை கிளட்சில் இருக்கிறது. டீச்சர் லிவரை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்து, இன்ஜின் நின்று, பின்னால் உருள ஆரம்பித்தது. மஞ்சண்ணா பின் டயருக்கு மரக்கட்டையைப் போட்டார். மறுபடி எடுத்தார்கள். மறுபடி குதித்தது. அப்புறம் எத்தனை தடவை என்று எண்ண எனக்குத் தெம்பு இல்லை.

டீச்சர் கதவைத் திறந்து இறங்கி, காரில் சாய்ந்து நின்றார். இரும்புச் சட்டம் வெயிலில் சுட்டிருக்கும். ஏரியைப் பார்த்துக்கொண்டே, "எழுதிக் குடுத்துடறேன் அண்ணா" என்றார். இன்னும் நாலு நாள் பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கடைக்கு வந்து பாயிடம் சொன்னேன். அவர் உச்சுக் கொட்டவில்லை. கிளட்ச் ஏன் குதிக்கிறது என்று மட்டும் கேட்டார். லிவரை விட்டதும் டப்பாவுக்குள் காற்று ஒரேயடியாகப் பாய்ந்துவிடுகிறது, அதனால் பெடலும் ஒரேயடியாக எழும்பிவிடுகிறது என்றார் மஞ்சண்ணா.

"அப்ப காத்து வர்ற வாசலைச் சின்னதாக்கு" என்றார் பாய்.

எப்படிச் சின்னதாக்குவது என்று மஞ்சண்ணா தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது எனக்கு மாடியில் இருந்த கார்புரேட்டர் ஜெட்டுகள் ஞாபகம் வந்தன. ஜெட் என்பது கடலை அளவு பித்தளைத் திருகாணி. நடுவில் ஊசி முனை மாதிரி ஒரு துளை. இன்ஜினுக்குப் பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்பதை அந்தத் துளைதான் முடிவு செய்யும். ஒவ்வொரு நம்பருக்கும் ஒவ்வொரு அளவுத் துளை. பெட்ரோலை அளந்து விடுகிற துளை காற்றையும் அளந்து விடாதா? தட்டோடு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

காற்று வருகிற குழாயின் வாயில் ஒரு ஜெட்டைத் திருகி வைத்தோம். துளை பெரிது, வண்டி இன்னும் குதித்தது. அடுத்த நம்பர் போட்டோம், துளை சின்னது. கிளட்ச் எழும்பவே யோசித்தது, தேய்ந்து கருகிய வாசனை சந்து முழுக்கப் பரவியது. இரண்டுக்கும் நடுவே ஒன்று ஒன்றாக மாற்றினோம். ஒவ்வொரு முறையும் டீச்சர் உட்கார்ந்து லிவரை விட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம், இது ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்ல வேண்டியவர் அவர்தான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் அவர். கடைசியில் ஒரு ஜெட்டை மாட்டியதும் வண்டி பூனை மாதிரி நகர்ந்தது. "இதான்" என்றார் டீச்சர். மஞ்சண்ணா அந்த இடத்திலேயே சந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இவ்வளவு மாற்றம் செய்த வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். டீச்சர் அந்த வண்டியையே அவர்கள் முன்னால் ஓட்டியும் காட்ட வேண்டும். அந்த நாளன்று பாய், பட்டப்பகலில் கடையைப் பூட்டினார். நான் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மூன்று பேரும் போனோம்.

இன்ஸ்பெக்டர் கண்டிப்பானவர், ஆனால் பொறுமையான மனிதர். லிவரை அழுத்திப் பார்த்தார், பானெட்டைத் திறந்து குழாய்களைப் பார்த்தார், மஞ்சண்ணாவிடம் கேள்வி கேட்டார். பிறகு டீச்சருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டு சுற்றி வரச் சொன்னார். சுற்றி வந்தார்கள். அடுத்து ஆபீசை ஒட்டிய ஏற்றத்துக்கு விடச் சொல்லி, பாதி ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்தது, இனி இதுதான் எல்லாம்.

மஞ்சண்ணா வழக்கம்போல மரக்கட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கட்டை வைக்கக்கூடாது, அப்புறம் வண்டி நிற்பது எதனால் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார் இன்ஸ்பெக்டர். மஞ்சண்ணா கட்டையோடு ஓரமாக நின்றார்.

அப்போது பாய் நடந்து போய் வண்டிக்குப் பின்னால் நடு ரோட்டில் நின்றார். கையை எதிலும் வைக்கவில்லை. சந்தில் நிற்பதுபோலவே நின்றார். இன்ஸ்பெக்டர் ஜன்னலில் தலையை நீட்டி, ஓரமாகப் போகும்படி கன்னடத்தில் அதட்டினார். பாய் நகரவில்லை.

"சாமான் என் கடையோடது சார். வண்டி பின்னால வந்தா மொதல்ல என்கிட்ட தான் வரணும்."

இன்ஸ்பெக்டர் இன்னும் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை, ஏனென்றால் அதற்குள் என் கால்கள் நடந்துவிட்டன. நானும் போய் பாய் பக்கத்தில் நின்றேன். அந்த ஜெட்டைத் தேடி எடுத்தவன் நான். நான் நிற்காமல் எப்படி? ஆனால் பயமாக இருந்தது. வீடு, பிள்ளைகள் எல்லாம் ஒரு சுற்று மனதில் வந்து போயின. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றார். இன்ஸ்பெக்டரும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

எங்கள் கண்ணுக்கு நேராக இரண்டு சிவப்பு பிரேக் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவை அணைந்தால் டீச்சர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

விளக்குகள் அணைந்தன.

வண்டி அசையவில்லை. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இன்ஜின் சத்தம் மட்டும் மெல்ல ஏறியது. சைலன்ஸர் புகை எங்கள் முட்டியில் சூடாக அடித்தது. பிறகு ஒரு குலுக்கலும் இல்லாமல் வண்டி எங்களை விட்டு மேலே ஏறிப் போனது. மஞ்சண்ணா கட்டையைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. "சலோ, கடை தொறக்கணும்" என்றார் பாய்.

டீச்சர் ஜூனில் பதவியில் சேர்ந்தார். அந்தக் காரிலேயே பல வருஷம் போய் வந்தார். சர்வீசுக்கு மஞ்சண்ணா, சாமானுக்கு நாங்கள். ரப்பர் குழாய் மாற்ற வேண்டியிருந்தால், பழைய குழாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். பாய் கேட்பதற்கு முன்னால் கவுண்டரில் வைத்து, "பழசு இங்க" என்பார். என் பிள்ளைகள் படித்து ஆளானது அந்தக் கவுண்டரால்தான். ஆனால் அந்த ஏற்றத்தில் நின்ற சில நிமிஷங்கள் இல்லையென்றால், நான் வெறுமனே பெட்டி எடுத்துக் கொடுத்துக் காலம் தள்ளியவனாகப் போயிருப்பேன். என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதற்கு பாய்க்கு நான் வாயால் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் கூச்சப்பட்டிருப்பார். இப்போது சொல்கிறேன்.

ஷாஹின், உன் அப்பா தவறிய அன்று உன் வீட்டுக்கு எவ்வளவோ பேர் வந்தார்கள், உனக்கு யாரையும் நினைவிருக்காது. டீச்சர் தன் காரை ஓட்டிக்கொண்டு சிவாஜிநகர் சந்துக்குள் அந்தக் கூட்டத்திலும் வந்தார். உள்ளே உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, காரில் ஏறும் முன்னால் என்னிடம் ஒன்று சொன்னார். இதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

"அன்னைக்கு மேட்டுல மிர்ரர்ல பாத்தேன் அண்ணா. பாயோட வெள்ளை ஜிப்பா தெரிஞ்சுது. பிரேக்ல இருந்து காலை எடுக்கறப்ப ஸ்கூலும் ஞாபகம் வரல, ப்ரமோஷனும் ஞாபகம் வரல. அந்த ஜிப்பால ஒரு கறை படக்கூடாதுன்னு மட்டும்தான் நெனச்சேன்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி, இடது கையால் லிவரை அழுத்திக் கியரைப் போட்டார்.

அந்த சீட்டை இரும்புக்காரனிடம் போடாதே, அம்மா. மாடியிலிருந்து இறக்கி, பழையபடி கடைக்கு நடுவில் போடு. ரெக்ஸின் கிழிந்திருந்தால் சொல், நான் வந்து தைத்துத் தருகிறேன்.